கத்தியை வைக்கும் காலம்: மருத்துவர் இளைப்பாறுதல் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மனிதர் மேற்கொள்ளும் தொழில்கள் பலவற்றில் முதுமை ஒரு குறையாகவே கொள்ளப்படுகின்றது. வலை இழுப்பவனும் கல் உடைப்பவனும் உடல் தளர்ந்ததும் தொழிலை விட்டுவிடுகின்றனர். விடவேண்டிய நாளை அவர்களுடைய உடலே அறிவித்துவிடுகின்றது. மருத்துவத் தொழில் இத்தகையதன்று. இங்கு நரை ஒரு தகுதியாகும். 'ஆயிரம் வேரைக் கொண்டவன் அரை வைத்தியன்' என்னும் பழமொழியும் இதனையே உணர்த்துகின்றது. ஆயிரம் வேர்களை அறிந்தவனே அரை வைத்தியன் என்றால், முழு வைத்தியனாவதற்கு ஒரு வாழ்நாளே வேண்டும் என்பது அதன் உட்பொருள். பரம்பரை வைத்தியர் முதுமையெய்தியபோது மருந்து அரைப்பதும் குளிகை உருட்டுவதும் மகனிடமோ மாணவனிடமோ சென்றன. நாடி பார்த்தல் மட்டும் இறுதிவரை அவரிடமே இருந்தது. இளைப்பாறுதல் என்னும் சொல்லுக்கு அவ்வாழ்க்கை முறையில் இடமே இருக்கவில்லை.

மேனாட்டு மருத்துவத்திலும் நெடுங்காலம் இதுவே நிலையாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான் மாற்றம் தோன்றியது. 1846இல் ஈதர் கொண்டு நோயாளியை உணர்விழக்கச் செய்யும் முறை பொஸ்ரன் நகரில் வெளிப்படையாகச் செய்து காட்டப்பட்டது. 1867இல் ஜோசப் லிஸ்ரர் கிருமியழிப்பு முறையை வெளியிட்டார். இவ்விரண்டும் மனித உடலின் உட்பகுதிகளைச் சத்திரசிகிச்சையாளரின் கத்திக்குத் திறந்துவிட்டன. நோயாளியின் வீட்டில் நிகழ்ந்த மருத்துவம் வைத்தியசாலைக்கு இடம்பெயர்ந்தது. மருத்துவர் ஒரு பதவியை வகிப்பவரானார். பதவி என்று ஒன்று தோன்றிய பின்னர், அதனை எப்போது விடுவது என்ற வினாவும், அடுத்து அதற்கு வருபவர் யார் என்ற வினாவும் தோன்றுதல் இயல்பே.

எனினும் இவ்வினாவில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. கண் மங்கியதைக் கண்ணே காட்டிக்கொடுக்கும். கை நடுங்குவதைக் கை உடையவனே காண்பான். ஆனால் தீர்மானிக்கும் ஆற்றல் தளரும்போது, அத்தளர்ச்சியை அறிவதற்கு எஞ்சியிருப்பதும் தளர்ந்த அதே ஆற்றல்தான். தன்னைத் தானே நிறுத்துப் பார்க்க முடியாத தராசு போன்றது மருத்துவனின் மதிநுட்பம். ஆகவே, மூத்த மருத்துவர்கள் தாம் விலகவேண்டிய காலத்தை எவ்வாறு தீர்மானித்தனர் என்பதை வரலாற்று வழியில் நோக்குதல் பயனுடையதாகும். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் வாழ்ந்த மூவரின் வரலாறுகள் இவ்வினாவுக்கு மூன்று வேறுபட்ட விடைகளைத் தருகின்றன.

ஒஸ்லரின் உரை

1905ஆம் ஆண்டு பெப்ரவரி 22ஆம் திகதி, அமெரிக்காவின் பல்ட்டிமோர் நகரிலுள்ள ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஒஸ்லர் பிரியாவிடை உரை ஒன்றை நிகழ்த்தினார். கனடாவில் 1849இல் பிறந்த இவர், 1892இல் வெளியிட்ட மருத்துவப் பாடநூலின் மூலம் ஆங்கிலம் வழங்கும் நாடுகளெங்கும் அறியப்பட்டவர். மாணவரை விரிவுரை மண்டபத்திலிருந்து நோயாளியின் கட்டிலருகே அழைத்துச் சென்று கற்பித்தவர். ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் அரச மருத்துவப் பேராசிரியர் பதவி 1904இல் அவரைத் தேடி வந்தது. பல்ட்டிமோரின் ஓயாத வேலைப்பளுவால் கணவர் தேய்ந்து வருவதைக் கண்டிருந்த அவர் மனைவி, காலந்தாழ்த்தாது அப்பதவியை ஏற்குமாறு தந்தியனுப்பினார். ஒஸ்லரும் ஏற்றார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தைந்து.

அன்ரனி ற்றொலொப் 1882இல் வெளியிட்ட ஒரு நாவலின் பெயரையே ஒஸ்லர் தம் உரைக்குத் தலைப்பாகச் சூட்டினார். கற்பனைத் தீவொன்றில் முதியோர் யாவரும் ஓராண்டு காலம் ஒரு கல்லூரியில் தங்கவைக்கப்பட்டு, அதன்பின் உயிர் நீக்கப்படவேண்டும் என்று சட்டமியற்றப்படுவதே அந்நாவலின் கதை. இருபத்தைந்து வயதுக்கும் நாற்பது வயதுக்கும் இடைப்பட்ட காலத்திலேயே உலகின் பெரும் ஆக்கப் பணிகள் நிகழ்கின்றன என்றும், அறுபதைக் கடந்தோர் தொழிலிலிருந்து விலகிவிடுதல் உலகுக்கு நன்மை தரும் என்றும் ஒஸ்லர் கூறினார். நாவலில் வரும் குளோரபோம் பற்றியும் நகைச்சுவையாகக் குறிப்பிட்டார்.

மண்டபத்தில் இருந்தோர் நகைச்சுவையை நகைச்சுவையாகவே கொண்டனர். மறுநாட் பத்திரிகைகள் அவ்வாறு கொள்ளவில்லை. அறுபது வயதானோரைக் குளோரபோம் கொடுத்துக் கொல்ல வேண்டும் என்று பேராசிரியர் ஒருவர் பரிந்துரைத்ததாக அமெரிக்கா முழுவதும் செய்தி பரவியது. கண்டனக் கடிதங்கள் குவிந்தன. அவருடைய பெயரே முதியோரை ஒழித்தல் என்னும் பொருளில் ஒரு வினைச்சொல்லாகச் சில காலம் ஆங்கிலத்தில் வழங்கியது.

ஒஸ்லர் தாம் கூறியபடி நடந்தாரா என்பது கவனிக்கத்தக்கது. 1909இல் அவருக்கு அறுபது வயது நிறைந்தது. அவர் பதவியைத் துறக்கவில்லை. 1919 டிசெம்பரில் எழுபதாவது வயதில் இறக்கும்வரை ஒக்ஸ்போர்ட் பேராசிரியராகவே இருந்தார். இதனைச் சொல்லுக்கும் செயலுக்கும் இடையிலான முரண் என்று எள்ளிவிடுதல் எளிது. ஆயினும் உற்று நோக்குமிடத்து வேறொன்றும் புலப்படும். ஒரு பெரிய வைத்தியசாலையின் மருத்துவப் பிரிவை நாளும் நடத்தும் சுமையை அவர் ஐம்பத்தாறாம் வயதளவில் இறக்கிவைத்துவிட்டார். கற்பித்தல், நூல் சேகரித்தல், மருத்துவ வரலாறு எழுதுதல் என்பன அவர் எடுத்துக்கொண்ட புதிய பணிகள். தொழிலை முற்றாக விடாது, அதன் எப்பகுதியை விடுவது, எப்பகுதியை வைத்துக்கொள்வது என்று பகுத்தறிந்தவர் அவர். எனினும், அறுபது என்ற எல்லை பிறருக்கென வகுக்கப்பட்டபோது தெளிவாகத் தோன்றியதையும், தமக்கென வந்தபோது அது நெகிழ்ந்துவிட்டதையும் மறுத்தற்கில்லை.

குஷிங் கட்டுப்பட்ட விதி

பல்ட்டிமோரில் ஒஸ்லரின் அயல்வீட்டில் வாழ்ந்தவர் ஹார்வி குஷிங். ஒஸ்லரின் வீட்டு நூலகத்துள் நினைத்தபோது நுழையும் உரிமை பெற்றிருந்த இளைஞருள் இவரும் ஒருவர். பிற்காலத்தில் இவர் எழுதிய ஒஸ்லர் வாழ்க்கை வரலாறு 1926ஆம் ஆண்டின் புலிற்சர் பரிசைப் பெற்றது. நரம்பியற் சத்திரசிகிச்சை என்னும் துறையை நிறுவியோருள் முதன்மையானவர் என மருத்துவ வரலாற்றாசிரியர் இவரைப் போற்றுவர். மூளைக்கட்டியை அகற்றுதல் ஏறக்குறைய மரண தண்டனையாக இருந்த ஒரு காலத்தில், பொறுமையான கைவேலையாலும் குருதிப்பெருக்கைக் கட்டுப்படுத்தும் புதிய முறைகளாலும் அதனை ஒழுங்கான சிகிச்சையாக மாற்றியவர் இவரே. 1931 ஏப்ரலில், உறுதிசெய்யப்பட்ட தமது இரண்டாயிரமாவது மூளைக்கட்டிச் சத்திரசிகிச்சையை அவர் செய்தார்.

பொஸ்ரனில் புதிதாக எழுந்த பீற்றர் பென்ற் பிரிகம் வைத்தியசாலையின் முதலாவது சத்திரசிகிச்சைத் தலைவராகக் குஷிங்கும், முதலாவது மருத்துவத் தலைவராக ஹென்றி கிறிஸ்ரியனும் அமர்ந்தனர். தலைமைப் பதவியிலிருப்போர் அறுபத்துமூன்றாம் வயதில் விலகவேண்டும் என்னும் ஏற்பாட்டுக்கு இவ்விருவரும் தொடக்கத்திலேயே உடன்பட்டனர். அப்போது இருவரும் ஆற்றலின் உச்சியில் இருந்தவர்கள்; அந்த நாள் அவர்களுக்குத் தொலைவில் இருந்தது.

1932இல் அந்த நாள் குஷிங்குக்கு வந்தது. அவ்வாண்டிலேயே அவர் கபச்சுரப்பியின் நோய் பற்றிய தமது புகழ்பெற்ற ஆய்வை வெளியிட்டிருந்தார். இன்று அந்நோய் அவர் பெயராலேயே வழங்குகின்றது. அறிவு தளர்ந்தவர் என்று அவரை எவரும் கூறியிருக்க முடியாது. மறுபுறம், நீண்டகாலப் புகைத்தலின் விளைவாகக் கால்களின் குருதியோட்டம் கெட்டு, மணிக்கணக்கில் நின்று சத்திரசிகிச்சை செய்வது அவருக்குப் பெருந்துன்பமாகியிருந்தது. அவர் மனநிறைவோடு விலகினார் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் விலகினார். 1939இல் அறுபத்துமூன்று வயதடைந்தபோது கிறிஸ்ரியனும் அவ்வாறே விலகினார்.

குஷிங்கின் எஞ்சிய ஆண்டுகள் இவ்விடத்து முக்கியமானவை. தாம் இளமையிற் பயின்ற யேல் பல்கலைக்கழகம் அவரை 1933இல் பேராசிரியராக ஏற்றது. அவர் மீண்டும் கத்தியை ஏந்தும் பணிக்குச் செல்லவில்லை. வாழ்நாள் முழுவதும் சேர்த்த மூளைக்கட்டி மாதிரிகளும் நோயாளர் குறிப்புகளும் அங்கே கொண்டுசெல்லப்பட்டன. உடனுழைத்த லூயிஸ் ஐசன்ஹாட்டுடன் இணைந்து அவர் எழுதிய பெருநூல் 1938இல் வெளிவந்தது. மறு ஆண்டில் அவர் காலமானார். அவருடைய அரிய நூற்றொகுதி யேல் பல்கலைக்கழகத்தின் மருத்துவ வரலாற்று நூலகத்துக்கு அடித்தளமாயிற்று.

இங்கு இரு செய்திகள் பெறப்படும். விதி ஒன்றை அதற்கு ஆட்படும் நாள் வருமுன், தெளிந்த அறிவோடு, தாமே ஏற்றுக்கொண்டார் என்பது ஒன்று. விலகியபின் செல்வதற்கு அவருக்கு ஓரிடமும் செய்வதற்கு ஒரு பணியும் இருந்தன என்பது மற்றொன்று. இவ்விரண்டுமின்றி விலகுதல் எத்துணை அரிது என்பதைப் பேர்லின் நகரின் கதை காட்டுகின்றது.

பேர்லினில் நிகழ்ந்தது

1875இல் பிறந்த பேர்டினண்ட் சவர்புரூக் ஜேர்மனியின் மிகப் புகழ்பெற்ற சத்திரசிகிச்சையாளர். மார்பைத் திறந்தவுடன் நுரையீரல் சுருங்கி நோயாளி இறப்பது அக்காலச் சத்திரசிகிச்சையின் பெருந்தடையாக இருந்தது. நோயாளியின் தலை வெளியே இருக்க, உடல் மட்டும் அழுத்தம் குறைந்த அறையினுள் இருக்குமாறு ஓர் அமைப்பை 1904இல் பிரெஸ்லௌ நகரில் அவர் உருவாக்கினார். மார்புச் சத்திரசிகிச்சை என்னும் துறைக்கு அது வழிதிறந்தது. சூரிச், மியூனிக் ஆகிய நகரங்களிற் பேராசிரியராக விளங்கிய பின்னர், 1920களின் பிற்பகுதியில் பேர்லினின் ஷரிற்றே வைத்தியசாலைக்கு வந்தார். நாசி ஆட்சிக்காலத்தில் உயர் பட்டங்களும் பரிசும் பெற்றார். அவ்வாட்சியோடு அவர் கொண்டிருந்த உறவு இன்றும் விவாதத்துக்குரியது. 1945இல் நகரம் வீழ்ந்தபோதும் அவர் காயமுற்றோருக்குச் சிகிச்சை அளித்துக்கொண்டிருந்தார்.

போருக்குப் பின் எழுபது வயதைக் கடந்திருந்த அவரிடம் மூளைக் குருதிக்குழாய் நோயின் அறிகுறிகள் தோன்றின. நினைவு தவறியது, சினம் மிகுந்தது, சத்திரசிகிச்சையின் நடுவிற் செய்யத்தகாதன செய்யப்பட்டன. நோயாளர் இறந்தனர். இவ்வரலாற்றை ஜேர்மன் எழுத்தாளர் யூர்கன் தோவால்ட் 1960இல் ஒரு நூலாக வெளியிட்டபோது அந்நாடு அதிர்ச்சியடைந்தது. சவர்புரூக்கின் தளர்ச்சியிலும் பார்க்க அதிர்ச்சி தந்தது, அதனை அறிந்திருந்தோர் காத்த மௌனமே.

அம்மௌனத்துக்குக் காரணங்கள் பல. உதவி மருத்துவர்கள் யாவரும் அவரால் உருவாக்கப்பட்டவர்கள். அவருடைய ஒரு சொல்லில் அவர்களுடைய எதிர்காலம் தங்கியிருந்தது. ஜேர்மன் வைத்தியசாலையில் தலைவரின் கையைத் தடுக்கும் மரபு இருக்கவில்லை. இளையோரிற் சிலர் அருகில் நின்று தவறுகளைத் திருத்த முயன்றனர். ஆனால் திருத்தத் திருத்த, தவறு வெளியே தெரியாது போயிற்று. நிருவாகத்தினருக்கு வேறோர் அச்சம் இருந்தது. ஷரிற்றே அமைந்திருந்தது சோவியத் ஆதிக்கத்துக்கு உட்பட்ட பகுதியில். சவர்புரூக் வாழ்ந்ததோ மேற்குப் பகுதியில். உலகறிந்த ஒருவரைப் பதவி நீக்கினால் மறுதரப்பு அதனைத் தனக்குச் சாதகமாக்கும் என்று அவர்கள் தயங்கினர். அவரது பெயர் அரசுக்குத் தேவைப்பட்டது. அப்பெயரை நம்பிச் சத்திரசிகிச்சைக்கு வந்த நோயாளி இக்கணக்கில் எங்குமே இடம்பெறவில்லை.

ஈற்றில் 1949 டிசெம்பரில் அவர் ஷரிற்றேயிலிருந்து விலக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது எழுபத்துநான்கு. அதன்பின்னும் அவர் ஓயவில்லை. தம் இல்லத்திற் கூட நோயாளரை ஏற்றுச் சத்திரசிகிச்சை செய்தார் என்று தோவால்ட் எழுதுகின்றார். 1951 ஜூலையில் அவர் இறந்தார்.

சவர்புரூக்கைப் பேராசை கொண்டவர் என்றோ இரக்கமற்றவர் என்றோ கண்டிப்பது இவ்வரலாற்றின் பொருளை இழந்துவிடுவதாகும். தாம் தளர்ந்துவிட்டதை அறிந்தும் மறைத்தவர் அல்லர் அவர். அதனை அறியும் ஆற்றலையே நோய் கவர்ந்துவிட்டது. தம் கை முன்போலவே உறுதியானது என்று அவர் உண்மையாகவே நம்பினார். விலகுவதா என்னும் முடிவை அவரிடமே விட்டுவைத்தவர்கள், விடையளிக்க இயலாத ஒருவரிடம் வினாவைக் கேட்டுக்கொண்டிருந்தனர். தவறு அங்கேதான் நிகழ்ந்தது.

வயதும் சட்டமும்

தனிமனித மதிநுட்பத்தை நம்ப இயலாது என்றால், வயதை எல்லையாகக் கொள்வதே எளிய வழியாகத் தோன்றும். 1948இல் பிரித்தானியாவில் தேசிய சுகாதார சேவை தொடங்கியபோது வைத்திய நிபுணர்கள் அறுபத்தைந்து வயதில் விலகும் முறை அமைந்தது. விமானிகள் விடயத்தில் அமெரிக்கா 1959இல் அறுபது என்ற எல்லையை விதித்து, 2007இல் அதனை அறுபத்தைந்தாக உயர்த்தியது.

இம்முறையின் நன்மை அதன் குருட்டுத்தன்மையிலேயே உள்ளது. அது யாரையும் குற்றஞ்சாட்டுவதில்லை. எவரும் தம் ஆசிரியரின் முகத்தை நோக்கி, 'ஐயா, தங்கள் கை நடுங்குகின்றது' என்று கூறவேண்டியதில்லை. தீமையும் அதே குருட்டுத்தன்மையிலேயே உள்ளது. ஆற்றல் மிக்கவரையும் ஆற்றல் இழந்தவரையும் அது ஒரே நாளில் வாயிலுக்கு வெளியே நிறுத்துகின்றது. அமெரிக்கச் சத்திரசிகிச்சையாளர் மைக்கேல் டிபேக்கி தொண்ணூறு வயதைக் கடந்த பின்னரும் தம் துறையில் உழைத்துக்கொண்டிருந்தார். 2005இன் இறுதியில் பெருநாடி கிழிந்து, தாமே வகுத்த முறையிலமைந்த சத்திரசிகிச்சையால் தொண்ணூற்றேழாம் வயதில் உயிர் பிழைத்து, மீண்டும் பணிக்குத் திரும்பினார். இத்தகையோர் மிகச் சிலரே. ஆயினும், வயது மட்டுமே அளவுகோலாக அமையாது என்பதற்கு அச்சிலர் சான்றாவர்.

வயதின் பேரால் வேலையிலிருந்து நீக்குதல் அநீதி என்ற கருத்தும் இதற்கிடையில் வலுப்பெற்றது. அமெரிக்கா 1967இல் வயதுப் பாகுபாட்டுக்கு எதிரான சட்டத்தை இயற்றி, 1986இல் அதன் மேல் வயதெல்லையை நீக்கியது. பிரித்தானியா 2011இல் பொதுவான கட்டாய இளைப்பாறும் வயதைக் கைவிட்டு, 2012 முதல் மருத்துவர் யாவரினதும் தகுதியை ஐந்தாண்டுக்கொருமுறை மீளவுறுதி செய்யும் முறையைக் கொண்டுவந்தது. இவ்வாறு, ஒரு தலைமுறை காலம் விதியிடம் இருந்த முடிவு பெருமளவில் மீண்டும் மருத்துவரின் கைக்கே வந்தது.

ஆய்வுகள் கூறுவன

இம்மாற்றங்களோடு, வயது முதிர்ந்த மருத்துவரின் திறன் உண்மையிற் குறைகின்றதா என்னும் வினா ஆய்வாளரின் கவனத்தைப் பெற்றது. கிடைத்த விடைகள் ஒருமுகமானவை அல்ல. 2006இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று எட்டு வகைச் சத்திரசிகிச்சைகளை ஆராய்ந்தது. கணைய அகற்றல் போன்ற சில கடினமான சத்திரசிகிச்சைகளில் மட்டும், அறுபது வயதைக் கடந்தோரிடம் இறப்பு கூடுதலாக இருந்தது. அவர்களுள்ளும் அச்சத்திரசிகிச்சையை அரிதாகவே செய்வோரிடம் இவ்வேறுபாடு காணப்பட்டது. 2017இல் வெளிவந்த வேறோர் ஆய்வு வைத்தியசாலை மருத்துவர்களிடம் சிகிச்சை பெற்ற முதியோரை நோக்கியது. முப்பது நாட்களுக்குள் நிகழ்ந்த இறப்பு, நாற்பது வயதுக்குட்பட்ட மருத்துவரிடம் 10.8 சதவீதமாகவும், அறுபதைக் கடந்தோரிடம் 12.1 சதவீதமாகவும் இருந்தது. ஆனால் நோயாளரை மிகுதியாகப் பார்க்கும் மருத்துவரிடையே இவ்வேறுபாடு காணப்படவில்லை. மறு ஆண்டில் சத்திரசிகிச்சையாளரைப் பற்றி வெளிவந்த ஆய்வோ, மூத்தோரிடம் இறப்பு சற்றுக் குறைவு என்று கண்டது.

இவற்றை இணைத்து நோக்கின் ஓருண்மை வெளிப்படும். புதியதை விரைந்து கற்கும் ஆற்றல் வயதோடு தேய்கின்றது. பழகிய நோயை ஒரு பார்வையில் இனங்காணும் ஆற்றல் நெடுங்காலம் நிலைக்கின்றது. கையும் அறிவும் நாளும் பழக்கத்தில் இருக்கும்வரை பின்னது முன்னதன் குறையை நிரப்புகின்றது. பழக்கம் அருகும்போதே குறை வெளித்தெரிகின்றது. சராசரி கூறும் உண்மை இது. ஆனால் சராசரி எந்தத் தனி மருத்துவரைப் பற்றியும் எதுவும் கூறுவதில்லை.

இக்காரணத்தாலேயே சில வைத்தியசாலைகள் ஆளுக்காள் சோதிக்கும் முறைக்குத் திரும்பின. அமெரிக்காவின் யேல் நியூ ஹேவன் வைத்தியசாலை எழுபது வயதைக் கடந்த மருத்துவ அலுவலருக்கு நினைவாற்றல், கவனம், தீர்மானத்திறன் ஆகியவற்றைச் சோதிக்கும் முறையை 2016இல் தொடங்கியது. அதன் பெறுபேறுகள் 2020இல் வெளியிடப்பட்டன. சோதிக்கப்பட்ட 141 பேருள் 18 பேரிடம், தொழிலைத் தனித்து ஆற்றுவதற்குத் தடையாகக்கூடிய குறைபாடு காணப்பட்டது. அப்பதினெண்மரும் விலகினர், அல்லது மேற்பார்வைக்குட்பட்ட பணிக்கு மாறினர். இத்தொகையிலும் பார்க்கச் சிந்தனைக்குரியது வேறொன்று: அச்சோதனைக்கு முன் அவருள் எவரைப் பற்றியும் வைத்தியசாலைத் தலைமைக்கு முறைப்பாடு எதுவும் வந்திருக்கவில்லை. உடனுழைத்தோரும் தாதியரும் மாணவரும் கண்டிருந்தால், கூறவில்லை; காணவில்லையெனில், காணும் வழி அவர்களுக்கு இருக்கவில்லை. ஷரிற்றேயின் மௌனம் எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும், வேறொரு நாட்டில், சர்வாதிகாரமோ போரோ இல்லாத சூழ்நிலையிலும் நிலவியது. அதே ஆண்டில் அமெரிக்க அரசின் சமவாய்ப்பு ஆணைக்குழு, இச்சோதனை வயதுப் பாகுபாடு என்று கூறி அவ்வைத்தியசாலைக்கு எதிராக வழக்குத் தொடுத்தது. நோயாளியின் பாதுகாப்பும் மூத்தோரின் உரிமையும் நீதிமன்றத்தில் எதிரெதிரே நின்றன.

நாட்டின் தேவையும் முதியோரின் சுமையும்

இவை யாவும் மருத்துவர் போதிய அளவில் உள்ள நாடுகளின் வரலாறு. ஆசிய நாடுகளில் இவ்வினா வேறொரு வடிவம் கொள்கின்றது. இந்தியா 2016இல் மத்திய அரசு மருத்துவரின் இளைப்பாறும் வயதை அறுபத்தைந்தாக உயர்த்தியது. மருத்துவர் பற்றாக்குறையே அதற்குக் காரணமாயிற்று. இலங்கையின் அனுபவம் இதனிலும் கசப்பானது. 2022ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் அரச ஊழியர் இளைப்பாறும் வயதை அறுபத்தைந்து என்றது. அவ்வாண்டிலேயே பொருளாதார நெருக்கடியின் நடுவில் வந்த இடைக்கால வரவு செலவுத் திட்டம் அதனை அறுபதாகக் குறைத்தது. இளம் மருத்துவர் பெருந்தொகையாக வெளிநாடு சென்றுகொண்டிருந்த காலம் அது. விசேட வைத்திய நிபுணர் பலர் தாம் தொடர்ந்து பணியாற்ற வேண்டும் எனக் கோரி மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடினர்.

இங்கு இளைப்பாறும் வயது என்பது மருத்துவரின் ஆற்றலை அளந்து வகுக்கப்பட்டதன்று. திறைசேரியின் நிலையும் வெற்றிடங்களின் தொகையுமே அதனை வகுத்தன. ஒரு மாவட்டத்துக்கு ஒரே ஒரு நிபுணர் இருக்கும்போது, 'நான் எப்போது விலகவேண்டும்' என்று அவர் தம்மைக் கேட்பதில்லை. 'நான் விலகினால் இவர்களை யார் பார்ப்பார்' என்றே கேட்கின்றார். இது உயர்ந்த வினாதான். ஆயினும் ஆபத்து இதனுள்ளும் மறைந்துள்ளது. வேறெவரும் இல்லை என்ற நியாயம் ஒருவரின் தளர்ச்சியை மன்னிக்கப் போதுமானதாகிவிடுகின்றது. மாற்று மருத்துவர் இல்லாத ஊரில் தளர்ந்த மருத்துவரைச் சோதிப்பதற்கு எவரும் முன்வருவதுமில்லை.

முடிவுரை

மூன்று வரலாறுகளையும் மீள நோக்குவோமாயின் ஒரு முடிவுக்கு வரலாம். மருத்துவர் விலகும் காலத்தைத் தீர்மானிக்கத் தகுந்தவர் மருத்துவரே. ஆனால் விலகவேண்டிய வயதில் இருக்கும் மருத்துவர் அல்லர், அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னிருந்த அதே மருத்துவர். குஷிங் அவ்வாறு தீர்மானித்தார். தம் வருங்காலத் தளர்ச்சியைத் தாம் அறியமாட்டார் என்பதை ஏற்கும் பணிவு அதில் இருந்தது. ஒஸ்லர் எல்லையைக் கூறினார், தம்மைக் கட்டிக்கொள்ளவில்லை. ஆயினும் பாரத்தை இறக்கிவைக்கும் அறிவு அவருக்கு இருந்தது. சவர்புரூக்குக்கு எல்லையும் இருக்கவில்லை, எடுத்துரைப்போரும் இருக்கவில்லை. விதியோ, சோதனையோ, உண்மை கூறும் உடனுழைப்பாளரோ, இவற்றுள் ஒன்றேனும் ஒவ்வொரு மருத்துவரைச் சுற்றியும் இருத்தல் வேண்டும் என்பதே வரலாறு தரும் பாடம்.

விலகியபின் செல்லுமிடம் பற்றிய வினாவும் எஞ்சியுள்ளது. அதற்கு ஈழத்துத் தமிழரின் வரலாற்றிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் வைத்தியசாலை நிறுவி, தமிழ் மாணவருக்கு மேனாட்டு மருத்துவத்தைத் தமிழ்மொழியிலேயே கற்பித்தவர் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். உடல்நலம் குன்றி 1873இல் அவர் தாயகம் திரும்பினார். அவர் அப்போது முதியவர் அல்லர், வயது ஐம்பதுதான். நோயாளரும் வைத்தியசாலையும் மாணவரும் கடலுக்கு அப்பால் நின்றுவிட்டனர். எனினும் மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் தம் குடும்ப இல்லத்திலிருந்து தமிழ் மருத்துவ நூல்களின் வேலையை அவர் தொடர்ந்தார். 1884இல் இறக்கும்வரை தமிழ்ச் சொற்களோடு அவருடைய தொடர்பு அறவில்லை.

கத்தியை வைப்பதும் மருத்துவத்தை விடுவதும் ஒன்றல்ல. பரம்பரை வைத்தியர் அரைக்கும் கல்லை மகனிடம் கொடுத்துவிட்டுத் திண்ணையிலமர்ந்து சொல்லிக்கொடுத்தபோது இதனை அறிந்திருந்தார். இன்றைய வைத்தியசாலையில் அத்தகைய திண்ணை இல்லை. மூத்தவர் ஒன்றில் முழுப் பொறுப்போடு நிற்கவேண்டும், அன்றேல் வீட்டுக்குச் செல்லவேண்டும். கற்பித்தல், ஆலோசனை கூறல், பதிவுகளை ஒழுங்குசெய்து நூலாக்கல் முதலிய பணிகளுக்கு முறையான இடம் அமைத்துக் கொடுக்கும் மருத்துவப் பீடமும் வைத்தியசாலையும், விலகும் முடிவை எடுப்பதை மூத்த மருத்துவருக்கு எளிதாக்கும். அந்த இடம் அமையாதவரை, தளர்ந்த கைகள் சில கத்தியைப் பற்றிக்கொண்டே இருக்கும்; அருகில் நிற்போரும் பேசாதே இருப்பர்.